நாயகனுக்கு முடிவு உண்டு, நகரத்துக்கு இல்லை: 'தி டார்க் நைட் ரைசஸ்'

கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய பேட்மேன் வரிசை 2005இல் 'பேட்மேன் பிகின்ஸ்' படத்தில் தொடங்கி, 2008இல் 'தி டார்க் நைட்' படத்தில் உச்சம் தொட்டு, 2012 ஜூலை 20 அன்று வெளியான 'தி டார்க் நைட் ரைசஸ்' படத்தோடு நிறைவடைந்தது. சூப்பர் ஹீரோ படங்களில் இறந்தவர் அடுத்த படத்தில் எழுந்து வருவதும், முடிந்த கதைக்கு இன்னொரு வால் முளைப்பதும் வழக்கமாகிவிட்ட காலத்தில், ஓர் இயக்குநர் தன் கதையை முடிப்பதென்று தீர்மானித்து முடித்தும் காட்டினார் என்பதே மதிக்கத்தக்க செயல். அப்படியானால் இந்தப் படத்தை அதன் சண்டைகளையும் வாகனங்களையும் கொண்டு எடை போடாமல், முடித்துவைக்கும் கடமையை எவ்வளவு நிறைவேற்றியது என்பதைக் கொண்டே எடை போட வேண்டும். அண்மையில் மன்னார்குடியில் அக்கா வீட்டில் பிள்ளைகளோடு அமர்ந்து மூன்று படங்களையும் வரிசை மாறாமல் மீண்டும் பார்த்தபோது, முன்பு இந்த மூன்றாம் படத்தின் மீது இருந்த அன்பு குறையவில்லை. ஆனால் அதில் இருக்கும் பெரிய பள்ளம் எங்கே என்பது முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. கதை முழுவதையும் தொட்டுப் பேசப்போகிறேன் என்பதால், படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பதே நல்லது.

இரண்டாம் படத்தின் முடிவில் ஒரு பொய் விதைக்கப்பட்டது. மக்கள் நம்பிக்கை வைத்திருந்த அரசு வழக்கறிஞர் ஹார்வி டென்ட் கொலைகாரராக மாறி இறந்ததை மறைத்து, அவர் செய்த கொலைகளின் பழியை பேட்மேன் தன்மேல் ஏற்றுக்கொண்டு ஓடினார். காவல் ஆணையர் கோர்டன் அதற்கு உடன்பட்டார். மூன்றாம் படம் எட்டாண்டுகள் கழித்துத் தொடங்குகிறது. டென்ட்டின் பெயரால் இயற்றப்பட்ட சட்டம் ஆயிரம் குற்றவாளிகளைப் பரோல் வாய்ப்பின்றிச் சிறையில் வைத்திருக்கிறது. கோத்தம் நகரம் அமைதியாக இருக்கிறது. பேட்மேன் முகமூடிக்குப் பின்னால் இருந்த செல்வந்தர் புரூஸ் வெய்ன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு தன் மாளிகையின் ஒரு பகுதியில் முடங்கிக் கிடக்கிறார். பொய்யின் மீது எழுப்பப்பட்ட அமைதி எத்தனை நாள் நிற்கும் என்ற கேள்வியோடு ஒரு சூப்பர் ஹீரோ படம் தொடங்குவது அரிது. இவ்வளவு கனமான தொடக்கத்தைத் தனக்குத் தானே அமைத்துக்கொண்டதற்காகவே இந்தப் படத்தை உரிய மரியாதையோடு விமர்சிக்க வேண்டும்.

படத்தின் ஆகச் சிறந்த பகுதி, என் பார்வையில், எந்தச் சண்டையிலும் இல்லை. பெற்றோரை இழந்த சிறுவன் புரூஸைத் தூக்கி வளர்த்த வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட், வளர்ந்து நிற்கும் அந்த மகனிடம் இனி முகமூடியை எடுக்காதே என்று மன்றாடி, அவன் கேட்காதபோது வீட்டைவிட்டு வெளியேறும் காட்சியில்தான் அது இருக்கிறது. புரூஸ் காதலித்த, இறந்துபோன ரேச்சல் உண்மையில் டென்ட்டை மணக்க முடிவு செய்து கடிதம் எழுதியிருந்தாள் என்பதையும், அந்தக் கடிதத்தைத் தானே எரித்துவிட்டதையும் ஆல்ஃபிரட் அப்போதுதான் சொல்கிறார். எட்டாண்டுகளாக ஒருவனைத் தாங்கிக்கொண்டிருந்த நினைவை அவனை உயிரோடு காப்பதற்காகவே உடைக்கிறார். உடைத்தால் அவன் தன்னை வெறுப்பான் என்பதும் அவருக்குத் தெரியும். மைக்கேல் கெய்ன் இந்தக் காட்சியில் குரலை உயர்த்துவதே இல்லை. சொற்களுக்கு நடுவே மூச்சு தடுமாறுவதிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். இறுதியில் வெய்ன் குடும்பக் கல்லறையின் முன் நின்று, இந்தப் பிள்ளையை என்னிடம் ஒப்படைத்தீர்கள், நான் காப்பாற்றவில்லையே என்று இறந்தவர்களிடம் அவர் அழுகிறபோது, வீட்டில் அதுவரை பேசிக்கொண்டிருந்த பெரியவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வளர்த்தவருக்கும் வளர்ந்தவனுக்கும் இடையிலான இந்த உறவு மூன்று படங்களிலும் அறுபடாத ஒரே இழை. முடித்துவைக்கும் கடமையை இங்கே படம் முழுமையாகச் செய்திருக்கிறது.

எதிரியாக வரும் பேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் படத்தில் எதிரி ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர் 2008 ஜனவரியில் இறந்தார். அந்த நடிப்புக்காக மறைவுக்குப் பின் அவருக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. அந்த நிழலில் இன்னொருவர் வந்து நிற்பது எளிதல்ல. நோலன் ஜோக்கரின் பெயரைக்கூட மூன்றாம் படத்தில் உச்சரிக்கவிடாமல் ஒதுக்கிவைத்தார். அவருக்கு நேர் எதிரான ஒருவரைத் தேர்ந்தெடுத்தார். ஜோக்கர் திட்டமே இல்லாதவன் போலக் காட்டிக்கொண்டவன். பேன் ஒவ்வொரு படியையும் முன்கூட்டியே எண்ணி வைத்திருப்பவன். பேனாக நடிக்கும் டாம் ஹார்டியின் வாயும் மூக்கும் முழுவதும் கவசத்துக்குள் மறைந்திருக்க, கண்களும் தோள்களும் மட்டுமே அவருக்கு மிஞ்சுகின்றன. எதிரே பேட்மேனாக நிற்கும் கிறிஸ்டியன் பேலுக்கோ வாயும் தாடையும்தான் மிஞ்சுகின்றன. இருவரும் மோதும்போது ஒரு முழு முகம்கூடத் திரையில் இல்லை என்பதைக் கவனித்தால் அந்தக் காட்சியின் விசித்திர அழகு புரியும். மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் நரசிம்ம முகமூடியை அணியப்போகிறவர் விரதமிருந்து அணிவதையும், அந்த முகமூடியே வழிபாட்டுக்கு உரியதாகப் போற்றப்படுவதையும் அறிந்த நம் பகுதி மக்களுக்கு, அணிபவரைவிட முகமூடி பெரியது என்ற எண்ணம் புதியதல்ல. இந்தப் படவரிசை முழுவதும் அந்த எண்ணத்தின் மீதுதான் நிற்கிறது: மனிதன் அழிவான், அடையாளம் அழியாது என்று முதல் படத்திலேயே புரூஸ் சொல்லிவிடுகிறார்.

இருவரும் முதன்முறை மோதுகிற நிலத்தடிச் சண்டையில் பின்னணி இசையே இல்லை. தண்ணீர் விழும் ஓசையும், அடி விழும் ஓசையும், பேனின் நிதானமான பேச்சும் மட்டுமே கேட்கின்றன. தந்திரங்கள் ஒவ்வொன்றும் பயனற்றுப்போக, கடைசியில் பேட்மேனின் முதுகெலும்பு முறிக்கப்படுகிறது. 1993இல் தொடங்கிய காமிக்ஸ் கதை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட நிகழ்வு இது. அதை அறியாத பிள்ளைகள், நாயகன் இவ்வளவு முற்றாகத் தோற்பான் என்று எதிர்பார்க்கவே இல்லை. இசை எப்போது வேண்டாம் என்று தெரிந்த இயக்குநரால்தான் இந்தக் காட்சியை எடுக்க முடியும்.

அங்கிருந்து கதை ஒரு பாதாளச் சிறைக்குப் போகிறது. மேலே வானம் தெரியும் ஒரு பெருங்கிணறு, ஏறினால் விடுதலை, ஒரு குழந்தையைத் தவிர ஏறியவர் எல்லாம் விழுந்திருக்கிறார்கள். கிணற்றின் உட்புறம் இங்கிலாந்தில் அரங்கமாக அமைக்கப்பட்டது. வெளியேறும் இடம் ராஜஸ்தானின் ஜோத்பூரில் படமாக்கப்பட்டதால், பின்னால் மெஹ்ரான்கர் கோட்டை தெரிகிறது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறுகிறவரை புரூஸ் விழுந்துகொண்டே இருக்கிறார். சாவுக்கு அஞ்சாமல் இருப்பதே உன் குறை, அச்சம் இல்லாதவனுக்கு அந்தத் தாவலைத் தாண்டும் வேகம் எப்படி வரும், கயிறில்லாமல் ஏறு என்று சிறையின் முதியவர் சொல்கிறார். முதல் படம் அச்சத்தை வெல்வதைப் பேசியது. மூன்றாம் படம் அச்சத்தைத் திரும்பப் பெற வேண்டியதைப் பேசுகிறது. வரிசையின் கடைசிப் படம் முதல் படத்தின் பாடத்தையே திருத்தி எழுதுவது உண்மையான கதை வளர்ச்சி. இணையத்தின் வழியே பலர் அனுப்பிய குரல்களையும் சேர்த்து ஹான்ஸ் ஜிம்மர் அமைத்த அந்தக் கூட்டு முழக்கம், படம் முழுவதும் பேனுக்கு உரியதாக ஒலித்துவிட்டு, இந்த ஏற்றத்தில் புரூஸுக்கு உரியதாக மாறுகிறது. முறிந்த முதுகெலும்பை ஒரு குத்தில் சரிசெய்து, கயிற்றில் தொங்கவிட்டுக் குணப்படுத்துவது நம்பக்கூடியதா என்று கேட்டால், இல்லை. ஆனால் அந்தக் கிணற்றில் நடப்பது மருத்துவம் அல்ல என்பதைப் படம் தெளிவாகவே உணர்த்துவதால், அதை நான் பெரிய குறையாகக் கொள்ளவில்லை.

புரூஸ் அந்தக் கிணற்றில் கிடக்கும் காலத்தில் கோத்தத்தில் நடப்பதுதான் என்னுடைய பெரிய மனத்தாங்கல். பேன் ஒன்றைத் தவிர மற்றப் பாலங்களைத் தகர்த்து நகரத்தைத் தீவாக்குகிறான். காவலர்களை ஏறத்தாழ மொத்தமாகச் சுரங்கங்களுக்குள் அடைக்கிறான். ஓர் அணு உலையை வெடிகுண்டாக மாற்றி, நகரத்தை மக்களிடமே திருப்பித் தருவதாக அறிவிக்கிறான். அந்தக் குண்டு தானாகவே வெடிக்க ஐந்து மாதம் ஆகும் என்று படமே சொல்கிறது. ஐந்து மாதம் என்பது சம்பாவுக்கு நாற்று விட்டு, நட்டு, களையெடுத்து, கதிரறுத்துக் களத்துக்குக் கொண்டுவரும் காலம். அவ்வளவு நீண்ட காலத்தைப் படம் சில நிமிடங்களில் பனி பொழியவிட்டுக் கடந்துபோகிறது. பெருந்தொகை மக்கள் வாழும் நகரத்தில் கடை திறந்திருக்கிறதா, பள்ளி நடக்கிறதா, நோயாளிகள் எங்கே போகிறார்கள், பக்கத்து வீட்டாரை மக்கள் நம்புகிறார்களா அஞ்சுகிறார்களா என்று எதுவும் தெரிவதில்லை. உணவு லாரிகள் பாலத்தைக் கடந்து வருவதைக் காட்டுகிறார்கள். அதை வாங்குகிற ஒரு கையைக்கூடக் காட்டவில்லை. "இந்த ஊர்ல சனங்க எல்லாம் எங்க போயிட்டாங்க மாமா?" என்று அக்கா மகன் கேட்டான். அவனுக்குச் சொல்ல எனக்குப் பதில் இல்லை.

இதை ஏதோ சில்லறைக் குறையென்று நான் சொல்லவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறியபோது மின்கம்பங்களும் தென்னைகளும் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அந்த நாட்களில் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற வாடகைக்கு ஜெனரேட்டர் தேடி அலைந்தவர்களும், ஊர்ப் பொதுவில் உலை வைத்து எல்லோருக்கும் சோறாக்கியவர்களும், நிவாரணம் வரவில்லையென்று சாலையில் அமர்ந்தவர்களும், மெழுகுவர்த்தியைக் கூடுதல் விலைக்கு விற்றவர்களும் இருந்தார்கள். துண்டிக்கப்பட்ட ஊர் எப்படி நடந்துகொள்ளும் என்பதை நேரில் கண்டவர்களுக்கு, கோத்தத்தின் வெறிச்சோடிய தெருக்கள் பெரும் ஏமாற்றமாகவே இருக்கும். நெருக்கடியில் மனிதர்கள் ஒரே நேரத்தில் உயர்வாகவும் தாழ்வாகவும் நடந்துகொள்வார்கள். அந்தக் கலவையைப் படமாக்கும் வல்லமை நோலனுக்கு உண்டு என்பதற்கு இரண்டாம் படமே சான்று.

அந்தப் படத்தின் இரண்டு படகுகளை நினைத்துப் பாருங்கள். ஒன்றில் கைதிகள், மற்றொன்றில் பொதுமக்கள். ஒவ்வொரு படகிலும் மற்றதை வெடிக்கவைக்கும் விசை. பொதுமக்கள் வாக்கெடுப்பு நடத்திக் கொல்வதென்று முடிவு செய்கிறார்கள், ஆனால் விசையைத் திருப்ப ஒருவருக்கும் கை வரவில்லை. கைதிகளில் ஒருவர் விசையை வாங்கி வெளியே எறிந்துவிடுகிறார். பெயர்கூடச் சொல்லப்படாத இவர்கள்தான் அந்தப் படத்தின் அறச் சிக்கலைத் தோளில் தாங்கினார்கள். ஜோக்கரைத் தோற்கடித்தவர்களும் அவர்களே. பேட்மேன் அவனைக் கட்டித் தொங்கவிட்டது அதற்குப் பின்னர்தான். மூன்றாம் படத்தில் மக்களின் பெயரைச் சொல்லிப் புரட்சி நடக்கிறது, மக்களின் பெயரைச் சொல்லி நீதிமன்றம் நடக்கிறது, மக்களைக் காக்கப் போர் நடக்கிறது. படகில் இருந்த அந்த மனிதர்களைப் போல ஒருவர்கூட இல்லை. சூறையாடப்பட்ட மாளிகை ஒன்றில் உடைந்து கிடக்கும் புகைப்படத்தை எடுத்துப் பார்த்து, இது யாரோ ஒருவருடைய வீடாக இருந்தது என்று திருடியான செலினா கைல் சொல்லும் ஒரு கணம் மட்டும் வாசலைத் திறக்கிறது. திறந்த வேகத்தில் மூடியும் விடுகிறது.

இந்த வெறுமை எங்கே மிகுதியாகச் சேதம் செய்கிறது என்றால், பொய் உடையும் இடத்தில். சிறை வாசலில் நின்று பேன், கோர்டன் எழுதிவைத்த ஒப்புதலை ஊரறியப் படிக்கிறான். டென்ட் கொலைகாரன், பேட்மேன் பழி சுமந்தவன், எட்டாண்டு அமைதி ஒரு புனைவு என்ற உண்மை வெளியே வந்துவிட்டது. எட்டாண்டுகளாக ஒவ்வோர் ஆண்டும் டென்ட்டின் நாளைக் கொண்டாடிய நகரம் இதைக் கேட்டு என்ன நினைத்தது? அந்தச் சட்டத்தால் உள்ளே போனவர்களின் குடும்பங்கள் என்ன நினைத்தன? இளம் காவலர் பிளேக், உங்கள் கைகளும் அழுக்குதானே என்று கோர்டனைப் பார்த்துக் கேட்கிறார். கேரி ஓல்ட்மேனின் முகத்தில் அந்தக் கேள்வி ஆழமாகப் பதிகிறது. காட்சி அங்கேயே முடிகிறது. மூன்று படங்கள் சேர்ந்து கட்டியெழுப்பிய மிகப் பெரிய கேள்விக்கு இறுதிப் படம் இரண்டு மனிதர்களுக்கு இடையிலான ஒரு சிறு உரையாடலை மட்டுமே ஒதுக்கியது. ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும் படத்தில், பங்குச் சந்தை துரத்தலில் ஐந்து நிமிடம் குறைத்திருந்தால் இதற்கு இடம் கிடைத்திருக்கும்.

கடைசித் திருப்பமும் எனக்கு உவப்பாக இல்லை. கிணற்றிலிருந்து ஏறித் தப்பிய குழந்தை பேன் அல்ல, மிராண்டா என்ற பெயரில் புரூஸுடன் பழகிய, முதல் படத்து எதிரியின் மகள் தாலியா என்று தெரியும் நொடியில் வியப்பு உண்டாவது உண்மை. அதற்குக் கொடுக்கும் விலை பெரிது: இரண்டு மணி நேரம் தனக்கென ஒரு நம்பிக்கையோடு நின்ற பேன், அன்புக்குக் கட்டுப்பட்ட மெய்க்காவலனாகச் சுருங்கிவிடுகிறான், சற்று நேரத்தில் செலினாவின் வாகனத்திலிருந்து வரும் ஒரே குண்டில் கதையிலிருந்தும் மறைகிறான். தாலியாவாக வரும் மரியோன் கோட்டியார் தேர்ந்த நடிகை. அவருக்குக் கிடைத்த இறுதிக் காட்சி அவருடைய தகுதிக்கு ஏற்றதாக எழுதப்படவில்லை.

செலினாவாக வரும் ஆன் ஹாத்தவே இதற்கு ஈடு செய்கிறார். படம் அவரை எங்கும் கேட்வுமன் என்று அழைப்பதில்லை. பிழைப்புக்காகத் திருடும் ஒரு பெண்ணாகவே வைத்திருக்கிறது. பயந்து அலறும் பெண்ணாக நடித்துக்கொண்டிருந்தவர் ஆபத்து நீங்கியதும் நொடியில் குரலை மாற்றிக்கொண்டு நடந்து போகும் காட்சி, நீண்ட வசனங்கள் செய்ய முடியாததைச் செய்துவிடுகிறது.

சின்னச் சின்ன ஓட்டைகள் பல உண்டு: துப்பாக்கி முனையில் நடந்த பங்கு வர்த்தகம் எப்படிச் செல்லுபடியாகும், கையில் காசில்லாத புரூஸ் உலகின் மறுகோடியிலிருந்து அடைபட்ட நகரத்துக்குள் எப்படி வந்தார், மாதக்கணக்கில் சுரங்கத்தில் கிடந்த காவலர்கள் எப்படி அவ்வளவு திடமாக அணிவகுத்தார்கள் என்றெல்லாம் கேட்டுக்கொண்டே போகலாம். இவற்றை மன்னிக்க எனக்குத் தயக்கமில்லை. அவசரமாகச் சொல்லப்படும் காவியங்கள் எல்லாவற்றிலும் இப்படிப்பட்ட தாவல்கள் இருக்கின்றன.

முடிவுக்கு வருவோம். குண்டை வானூர்தியில் கட்டிக் கடலுக்கு மேல் இழுத்துச் செல்லுமுன், நீங்கள் யாரென்று மக்களுக்குத் தெரிய வேண்டாமா என்று கோர்டன் கேட்கிறார். தந்தையை இழந்து நின்ற சிறுவனின் தோளில் மேலங்கியைப் போர்த்திய ஒருவரும் நாயகர்தான் என்று பேட்மேன் பதில் சொல்ல, முதல் படத்தில் அந்தச் செயலைச் செய்த இளம் காவலர் தானே என்பது கோர்டனுக்குப் புரிகிறது. ஏழாண்டுக்கு முந்தைய ஒரு சிறு செயலை எடுத்து, மூன்று படங்களின் சுமையையும் அதன்மேல் வைக்கும் இந்த இடம் முழு வரிசையிலும் எனக்கு மிகப் பிடித்தது. இதற்குப் பிறகு வருபவை அவ்வளவு தேவைப்படவில்லை. வானூர்தியின் தானியங்கி இயக்கம் முன்பே சரிசெய்யப்பட்டிருந்தது என்று, பேட்மேனுக்குக் கருவிகள் செய்து தரும் ஃபாக்ஸுக்குத் தெரிகிறது; பிளேக் பேட்மேனின் குகையைக் கண்டடைகிறார்; ஃபிளாரன்ஸ் உணவகத்தில் ஆல்ஃபிரட் நிமிர்ந்து பார்த்துத் தலையசைக்கிறார். புரூஸ் எதிரே அமர்ந்திருப்பதைக் காட்டாமல், ஆல்ஃபிரட்டின் முகத்தை மட்டும் காட்டி நிறுத்தியிருக்கலாம் என்று நெடுநாள் வாதாடியிருக்கிறேன். கல்லறையில் அழுத அந்த முதியவருக்கு ஐயத்துக்கு இடமில்லாத மகிழ்ச்சியைத் தந்தே ஆக வேண்டும் என்று அக்கா உறுதியாகச் சொன்னார். அவர் வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

எங்கே, எப்படிப் பார்ப்பது என்பதும் இந்தப் படத்துக்கு முக்கியம். இதில் ஒரு மணி நேரத்துக்கும் மேலான பகுதி, மிகப் பெரிய திரைக்கான ஐமாக்ஸ் படக்கருவியில் எடுக்கப்பட்டது. வெளியானபோது டெல்டா மாவட்டங்களில் இருந்த நாங்கள் அதைச் சாதாரணத் திரையில்தான் பார்த்தோம். வீட்டில் பார்க்கும்போது ப்ளூ-ரே வட்டில் அந்தக் காட்சிகள் வரும் இடங்களில் மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டைகள் விலகி, படம் திரை முழுவதையும் நிறைக்கிறது. விமானத்தை விமானம் தூக்கிச் செல்லும் தொடக்கக் காட்சியிலும், விளையாட்டு மைதானம் சரியும் காட்சியிலும் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். பேனின் பேச்சு கவசத்துக்குள்ளிருந்து வருவதால் சிறிய ஒலிபெருக்கிகளில் சொற்கள் பிடிபடாது. வசன எழுத்துகளை (சப்டைட்டில்) இட்டுக்கொண்டு பாருங்கள். இரண்டாம் படத்தை முந்தைய நாளே பார்த்துவிட்டு இதற்கு வருவது அவசியம், முதல் படத்தைத் தாண்டிப் போகாதீர்கள். அந்த மேலங்கி அங்கேதான் இருக்கிறது.